கனகலிங்கத்தாரின் வயலுக்கு மட்டும் ஒரு வரி

மகனே,

நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனமில்லை. நீ நலமாய்த்தான் இருக்கிறாய் என்று போன கிழமை ரெலிபோனில் உன் குரலே சொன்னது. தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்குக்குத் திங்கட்கிழமை வந்துவிடுவாயாம், நகை செய்யும் பத்தருக்குச் சொல்லியாச்சா, பந்தலுக்கு ஆள் பிடித்தாச்சா, வவுனியாவிலிருந்து உன் சிநேகிதர்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரே மூச்சில் கதைத்தாய். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு நீ சொன்ன விடையைக் கேட்டபிறகு எனக்குப் பொன்னுருக்கலும் வேண்டாம், பந்தலும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. ரெலிபோன் கடையில் எனக்குப் பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள், அதனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்தேன். இனி மூட மாட்டேன். ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டி வவுனியாவுக்கு வரும் ஒரு ரீச்சரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஒட்டாமல்தான் கொடுக்கிறேன். அவ வழியில் வாசித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று சலிக்காதே. அனுப்புவதற்கு முன் இதை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டப் போகிறேன், அவருக்கும் விளங்க வேண்டும். "பொடியன் கலியாணம் கட்டப்போறான், ஒரு கணக்கு மாறினதுக்கு ஏன் இப்பிடித் துள்ளுறாய்?" என்று இன்று காலையும் கேட்டார். கணக்கு மாறவில்லை, மாற்றப்பட்டது என்று சொன்னால் அவருக்கு ஏறவில்லை. முப்பது வருசம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த எனக்கு என் வீட்டு மனுசனுக்கு ஒரு கணக்கை விளங்கப்படுத்த இவ்வளவு நாள் எடுக்கிறது அதிசயம்தான்.

சமாதானம் வந்து பாதை திறந்தபிறகு வந்த முதல் சிறுபோகம் உனக்கு நினைவிருக்கும். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் அரைவாசிதான். காலபோகத்தில் மழை பார்த்துக்கொள்ளும், சிறுபோகத்தில் குளம் விட்டதுதான் தண்ணீர். வாய்க்காலைத் திறக்கிற நாளெல்லாம் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். யாருக்கு முதல் தண்ணீர், யாருக்குப் பிறகு என்று கமக்காரர் அமைப்பில் நடந்த சண்டையில் செயலாளராய் இருந்த எனக்குத் தொண்டை கட்டிப்போனது. அந்த நேரம்தான் வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய பழைய கொம்பியூட்டர் ஒன்று அமைப்புக்குக் கிடைத்தது. படிப்பு முடித்து லீவில் வந்திருந்த நீ, "அம்மா, இந்தச் சண்டையை நான் நிப்பாட்டிக் காட்டுறன்" என்றாய். ஜெனரேற்றர் ஓடுகிற நேரமெல்லாம் அதற்கு முன்னால் குந்தியிருந்து பைதன் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினாய். நானும் பக்கத்தில் கதிரை போட்டுக்கொண்டு இருந்து வரிக்கு வரி கேட்டுப் படித்தேன். என் மகன் என்று நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தேன். அதையும் சேர்த்துத்தான் இப்போது எரிகிறது.

நீ எழுதிய விதம் எனக்கு இன்னும் பிடிக்கும், அதைச் சொல்லாமல் விட்டால் நானும் உன்னைப் போல் ஆகிவிடுவேன். ஒவ்வொரு வயலும் அதில் ஒரு பொருள். எல்லா வயலுக்கும் பொதுவான விதிகள் மேலே, வகுப்பு என்று சொல்கிற பகுதியில் இருந்தன. அந்த வகுப்புக்குள், பெயரின் இரண்டு பக்கமும் இரட்டைக் கோடு போட்ட லென் என்று ஒரு விசேஷச் செயல் எழுதினாய். அதை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தேவையில்லை. ஒரு பொருளைப் பார்த்து லென், அதாவது உன் நீளம் என்ன, என்று பொதுவாய்க் கேட்டால் போதும், மொழியே அந்தச் செயலைத் தேடிப் பிடித்து விடை சொல்லும். வயலுக்கு என்ன நீளம் என்று நான் சிரித்தேன். கடைசியாய்த் தண்ணீர் பட்டு எத்தனை நாள் என்பதுதான் அதன் நீளம் என்றாய். "வயலின்ர தாகம் எவ்வளவு நீளம் எண்டு கேக்கிறம் அம்மா. நீளம் கூடினதுக்கு முதல் தண்ணி." அந்த விதியைக் கூட்டத்தில் சொன்னபோது எதிர்த்துக் கை தூக்க ஒருவரும் இல்லை. வகுப்பில் இருந்ததைத் தமிழில் எழுதி மண்டபச் சுவரில் ஒட்டினோம். இன்னும் அங்கேதான் இருக்கிறது, மழை ஒழுக்கில் ஒரு மூலை மங்கியிருக்கிறது.

போன சிறுபோகத்தில் வாய்க்கால் திறந்த நாளெல்லாம் கனகலிங்கத்தாரின் வயல்தான் முதலாவது. எட்டு ஏக்கர் குடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு. சனம் முணுமுணுத்தது. கோயில் தர்மகர்த்தா என்று பார்த்துக் கொடுக்கிறீர்களோ என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் இருந்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்தப் பெட்டிக்கு ஆர் ஆரெண்டு தெரியாது. அது நாளை மட்டும்தான் எண்ணும்." இதை எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை. சொல்லச் சொல்ல எனக்கு அது வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது. மற்ற எல்லாருடைய முறையும் இரண்டு மூன்று நாள் பிந்திப் பிந்திப் போனது. களிமண் நிலம் வைத்திருந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தார்கள். வாய்க்கால் முடிவில் இருக்கிற செல்வராணியின் நிலம் மணல் கலந்தது. அந்த இரண்டு மூன்று நாளை அது தாங்கவில்லை.

செல்வராணியை உனக்குத் தெரியும். புருசன் இல்லாமல் இரண்டு பெட்டைப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தானே வரம்பு கட்டித் தானே விதைக்கிறவள். கதிர் இன்னும் வெளியே வராமல் குடலைக்குள் இருக்கிற நேரம் பயிர் காயத் தொடங்கியது. என்னிடம் வந்தாள், பெட்டி சொன்னால்தான் என்றேன். பிறகும் வந்தாள். பிறகு வரவில்லை. ஒரு நாள் விடியப்புறம் வாய்க்கால் கட்டை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீர் விட்டாள். பிடித்துவிட்டார்கள். கூட்டம் கூடியது. நீயும் அன்றைக்கு லீவில் வந்து கடைசி வரிசை வாங்கிலில் குந்தியிருந்தாய், நான் பார்த்தேன். "என்ர முறை எங்கையோ களவு போகுது, அதைத்தான் எடுத்தனான்" என்று அவள் சொன்னாள். நான் எழும்பி, களவு போகவில்லை, கணக்குச் சரி, நீ செய்ததுதான் களவு என்று முழுச் சபைக்கும் முன்னால் சொன்னேன். அடுத்த சிறுபோகத்துக்கு அவளுக்கு முறைத் தண்ணீர் இல்லை என்று தீர்ப்பானது. கனகலிங்கத்தாரும் கை தூக்கினார். அவளுடைய மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் 'தண்ணிக் கள்ளியின்ர மகள்' என்று கூப்பிடுகிறார்களாம். தீர்ப்புச் சொன்ன நேரம் நீ கடைசி வாங்கிலில் இருந்து உன் காலில் போட்ட சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கூச்சம் என்று நினைத்தேன். நான் எவ்வளவு பெரிய மடச்சி.

இனிப் போன மாதம் நடந்ததைக் கேள். இந்தச் சிறுபோகத்துக்கு முன் புரோகிராமைச் சரிபார்ப்போம் என்று உட்கார்ந்தேன். நீ விட்டுவிட்டுப் போன புத்தகத்தில், வகுப்பை எழுதும்போது பெயருக்குப் பக்கத்தில் ஒப்ஜெக்ட் என்ற சொல்லையும் சேர்த்து எழுதுவதுதான் புதிய முறை, அதுவே நல்லது என்று இருந்தது. நீ பழைய முறையில் எழுதியிருந்தாய். அவசரத்தில் விட்டிருப்பாய் என்று எண்ணி அந்த ஒரு சொல்லைச் சேர்த்தேன். போன வருசக் கணக்கைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கனகலிங்கத்தாரின் வயல் முதலாம் இடத்திலிருந்து விழுந்து எங்கேயோ நடுவில் கிடந்தது. ஐயோ, கெடுத்துப்போட்டேனே என்று நினைத்தேன். சொல்லை எடுத்தேன், மேலே வந்தது. திரும்பச் சேர்த்தேன், கீழே போனது. வேறு எந்த வயலும் இப்படி ஏறி இறங்கவில்லை.

பிறகு அந்த ஒரு வயலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு விசாரித்தேன், பள்ளிக்கூடத்தில் கொப்பி பார்த்து எழுதியவனை விசாரிக்கிற மாதிரி. லென் என்று பொதுவாய்க் கேட்டேன். நாலு என்றது. தண்ணீர் பட்டு நாலு நாள், சரிதான். இரட்டைக் கோடு போட்ட பெயரைச் சொல்லி அந்தப் பொருளிடமே நேராய்க் கேட்டேன். தொண்ணூற்றொன்பது என்றது. ஒரே வயல், ஒரே நாள், இரண்டு விடை. அப்போதுதான் எழுதியதை மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். எல்லாம் முடிந்த பிறகு, கடைசிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு வரி. எல்லா வயலுக்கும் பொதுவான வகுப்பில் இல்லை. கனகலிங்கத்தாரின் வயல் என்ற அந்த ஒரு பொருளின் மேல் மட்டும், அதே விசேஷச் செயலின் பெயரில், எப்போது கேட்டாலும் தொண்ணூற்றொன்பது என்று சொல் என ஒட்டி வைத்திருந்தாய். மற்ற வரிகளுக்கெல்லாம் பக்கத்தில் விளக்கம் எழுதியிருந்த நீ அந்த வரிக்கு ஒன்றும் எழுதவில்லை.

புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து விளங்கிக்கொண்டேன். பழைய முறையில் எழுதிய வகுப்பென்றால், லென் என்று கேட்டதும் மொழி முதலில் அந்தப் பொருளிடமே போய்ப் பார்க்கும். அங்கே நீ ஒட்டியது இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும், வகுப்புப் பக்கம் திரும்பியும் பார்க்காது. ஒப்ஜெக்ட் என்ற சொல் சேர்ந்தால் அப்படியில்லை. விசேஷச் செயல்களை மொழி வகுப்பில்தான் தேடும். தனியொரு பொருளின் மேல் நீ என்னத்தை ஒட்டினாலும் அதற்குக் கண் தெரியாது. ஒட்டியது அழியவும் இல்லை, பிழை என்று கத்தவும் இல்லை. நேராய்ப் பெயர் சொல்லிக் கேட்டால் இன்னும் பொய்தான் சொல்லும். பொதுக் கேள்விக்கு மட்டும் பொது விதி விடை சொல்லும். இவ்வளவு நேர்மையான ஒரு சாமானை வைத்துக்கொண்டு நீ செய்த வேலையைப் பார்.

உனக்கு மகளைத் தரப்போகிற கனகலிங்கத்தார் கேட்டுத்தான் செய்தாயோ என்று முதலில் நினைத்தேன். மனம் பொறுக்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். கலியாணக் கதைக்கு வந்திருக்கிறேன் என்று தேத்தண்ணி தந்தார்கள். "அண்ணை, போன முறை உங்கட வயலுக்கு எப்பவும் முதல் தண்ணி கிடைச்சுதே" என்று மெல்ல எடுத்தேன். மனுசன் கையெடுத்துக் கும்பிட்டு, "பிள்ளையாரின்ர கிருபை ரீச்சர், வேற என்ன" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல்தான் செல்வராணிக்கு எதிராய்க் கையும் தூக்கியிருக்கிறார். பெண் எடுக்க வேண்டும் என்று அவர் மனதைக் குளிரப்பண்ண நினைத்தாய், அதையும் அவருக்கே தெரியாமல் செய்தாய். உன் பிள்ளையார் வேலைக்கு அந்த மனுசன் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருக்கிறார்.

போன கிழமை நான் கேட்ட கேள்வி இதுதான், அந்த வரியை ஏன் எழுதினாய். "அம்மா, அது ஒரு ஆளுக்குத்தானே. மற்ற ஆக்களின்ர கணக்கில நான் கையே வைக்கேல்லை" என்றாய். கை வைக்கவில்லையாம்! வாய்க்கால் ஒன்று, தண்ணீர் ஒன்று, ஒருவனை மேலே தூக்கினால் மற்ற எல்லாரும் கீழே போவார்கள் என்று தெரியாதவனா நீ? அதைக்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. அதற்குப் பிறகு சொன்னாயே, "நீங்கள் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கோ அம்மா, பழையபடி ஓடட்டும். திடீரெண்டு மாமாவின்ர வயல் கீழ போனால் சனம் கதைக்கும். கலியாணம் முடியட்டும், பிறகு பாப்பம்." வரியை எடுக்கச் சொல்லவில்லை நீ. உண்மை சொல்ல வைத்த என் ஒரு சொல்லை எடுக்கச் சொன்னாய். இன்னும் ஒரு போகம் அவளைக் கள்ளி என்று வைத்திருக்கச் சொன்னாய், அதற்கு என் விரலையே கேட்டாய்.

யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து வந்து, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோமே, அங்கே அத்தனை குடும்பத்துக்கும் ஒரே ஒரு குழாய்க் கிணறு. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் வாளியோடு நேரே முன்னால் போனார். மீசைகூட அரும்பாத நீ, "ஐயா, வரிசையில வாங்கோ" என்று கத்தினாய். அப்பா பயத்தில் உன் வாயைப் பொத்தினார். வேட்டிக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். அன்றைக்கு நீ கொண்டுவந்த தண்ணீரில் தேத்தண்ணி வைத்துக் குடித்தது எனக்கு இன்னும் தொண்டையில் இனிக்கிறது. அந்தப் பிள்ளையை நான் பெற்றேன். வவுனியாவிலிருந்து என்னோடு கதைக்கிறவனை எனக்குத் தெரியவில்லை.

கலியாணம் கட்டப் போகிறவனுக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டுமாம், சொல்கிறேன். கனகலிங்கத்தார் மேல் பாசம் இருந்து, பெரிய வயலுக்கு முதல் தண்ணீர் கொடுப்பதுதான் நியாயம் என்று உனக்குப் பட்டிருந்தால், அதை வகுப்பில் எழுதியிருக்க வேண்டும். சுவரில் ஒட்டியிருப்போம், சனம் வாசித்திருக்கும், சண்டை பிடித்திருக்கும், வேண்டாம் என்று கை தூக்கியிருக்கும். எல்லாருக்கும் பொதுவான இடத்தில் எழுத வெட்கப்பட்டதை ஒரு மூலையில் எழுதினாயே, அப்போதே உனக்குத் தெரியும் அது களவென்று. கட்டப்போகிற பிள்ளையோடும் இந்தப் புத்தியோடு வாழாதே. தனியாய்க் கேட்டால் ஒரு விடை, ஊர் கேட்டால் ஒரு விடை என்று இருக்கிறவனோடு ஒரு பெண் எப்படி ஒரு வீட்டில் இருப்பாள்? எந்த நாளில் எந்த விடை வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

நேற்றுச் செல்வராணியிடம் போனேன். வரம்பில் நின்று புல்லுச் செதுக்கிக்கொண்டிருந்தாள். முறைத் தண்ணீர் இல்லாத நிலத்தில் என்னத்துக்குச் செதுக்குகிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன். அழுவாள், மண்வெட்டியை எறிவாள், என்னைக் கண்டபடி பேசுவாள் என்று ஆயத்தமாய்த்தான் போனேன். அவள் செதுக்குவதை நிறுத்தவேயில்லை. "ரீச்சர், அண்டைக்கு நீங்கள் மைக்கைப் பிடிச்சுத்தானே என்னைக் கள்ளி எண்டனீங்கள்? இப்ப ஏன் வரம்புக்கு வந்து குசுகுசுக்கிறியள்? இதையும் மைக்கைப் பிடிச்சுச் சொல்லுங்கோ" என்றாள். இருக்கச் சொல்லவில்லை, தண்ணீர் குடிக்கிறீங்களோ என்று கேட்கவுமில்லை. திரும்பி வீடு வரும்வரை எனக்கு அவள் மேல் கோபம். வீட்டுக்கு வந்து படலையைத் திறக்கும்போதுதான், அவள் கேட்டதில் ஒரு சொல்லும் அதிகமில்லை என்று பட்டது.

சிறுபோகக் கூட்டம் சனிக்கிழமை காலை. உன் வரியை நான் அழித்துவிட்டேன், ஒப்ஜெக்ட் என்ற சொல் இருந்த இடத்தில் இருக்கும். போன வருசக் கணக்கைப் பெரிய எழுத்தில் இரண்டு விதமாயும் எழுதிச் சுவரில் ஒட்டப் போகிறேன். செல்வராணியின் முறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்கப் போகிறேன். அவளுடைய பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டேன், வருவாளோ தெரியாது. கனகலிங்கத்தார் முன்வரிசையில்தான் இருப்பார். கேட்டுவிட்டு மகளைத் தருவாரோ தரமாட்டாரோ, அது அவர் பாடு. முன்கூட்டியே அவரிடம் போய்ப் பதமாய்ச் சொல்லிவைக்கச் சொல்லி அப்பா கெஞ்சுகிறார். செல்வராணிக்கு யார் பதமாய்ச் சொன்னது?

வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸில் நீ வந்து இறங்கினால் சாப்பாடு இருக்கும். சனிக்கிழமை கூட்டத்தில் மைக்கை முதலில் உன்னிடம் தருவேன், நீ வாங்கி உன் வாயால் சொல்லலாம். வராவிட்டால் நான் சொல்வேன். என்னை ஏமாற்றினான் என்று சொல்ல மாட்டேன், செல்வராணியின் தண்ணீரைக் களவெடுத்தான் என்று சொல்வேன், யாருடைய மகன் என்றும் சொல்வேன். திங்கட்கிழமை பொன்னுருக்கலுக்குப் பத்தர் வந்தால் திருப்பி அனுப்பச் சொல்லி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ சபையில் எழும்பி நிற்காமல் என் வீட்டு முற்றத்தில் உன் தாலிக்கு நெருப்பு மூட்ட விட மாட்டேன்.

அம்மா